ஒரு பக்கம் போனா இன்னொரு பக்கமும் ஏன் போகுது? மின்சார விமான பவர் சிஸ்டத்துல அறிகுறி வச்சு பழுது தேடுறது

கார்ல ஃபால்ட் வந்தா எல்லாத்தையும் கட் பண்ணிட்டு ஓரமா நிறுத்திடலாம். விமானத்துல ஓரம்னு ஒன்னு கிடையாது. அதனால மோட்டாருக்கு பவர் கொடுக்குற சிஸ்டத்துல நீங்க வைக்குற ஒவ்வொரு பாதுகாப்பும் கெட்டுப்போனதை ஒதுக்கணும், அதே சமயம் மிச்சம் இருக்கிறதை பறக்க விடணும். ரெண்டாவதை மறந்துட்டு முதல் வேலையை மட்டும் பார்த்துப் பார்த்து டிசைன் பண்ண சிஸ்டம்தான் பெரும்பாலும் மொத்தமா படுக்குது.

எதையும் கழட்டுறதுக்கு முன்னாடி எல்லா கன்ட்ரோல் பெட்டியும் எழுதி வைக்குற பதிவையும் (லாக்) ஒரே நேரக் கணக்குக்கு கொண்டு வாங்க. பேட்டரியைக் கண்காணிக்குற பிஎம்எஸ் 100 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை எழுதும், பேட்டரியோட டிசியை மோட்டாருக்கு ஏசியா மாத்துற இன்வெர்ட்டர் மைக்ரோசெகண்ட் கணக்குல முடிவெடுக்கும், ரெண்டையும் அப்படியே பக்கத்துல வச்சுப் பார்த்தா எது முதல்ல நடந்துச்சுன்னே தப்பா படும், விளைவைப் போய் காரணம்னு நினைச்சு ரெண்டு வாரம் போயிடும். அப்புறம், கான்டாக்டர் (ஹை வோல்டேஜ் பாதையைத் திறந்து மூடுற பெரிய ஸ்விட்ச்) திறந்தாச்சுன்னு ஸ்க்ரீன்ல தெரியறதை நம்பி கையை வைக்காதீங்க, கப்பாசிட்டர் இறங்கிடுச்சான்னு மீட்டர் வச்சு அளந்துட்டு அப்புறம் தொடுங்க. இதை ஒவ்வொரு தடவையும் செய்யணும்.

அறிகுறி: ஒரு பேட்டரி கட் ஆச்சு, சில செகண்ட்ல அடுத்ததும் கட் ஆச்சு

நிறைய பேர் மாட்டிக்குற இடம் இது, அதனால இதையே முதல்ல எடுத்துக்கறேன். ரெண்டு பேட்டரி பேக் பேரலல்ல ஓடுது, ஒன்னுல செல் சென்சார் ஏதோ பிழை காட்டி வெளிய போகுது, அதுவரைக்கும் பாதி பாதி சுமந்த லோடு மொத்தமும் இன்னொன்னு மேல விழுது. பேப்பர்ல அந்த பேக்கால முடியும். ஆனா எந்த நிலைமையில முடியும்னு யாரும் எழுதி வச்சிருக்க மாட்டாங்க.

கணக்கு போட்டுப் பாருங்க. சார்ஜ் குறைஞ்சு ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் (லோடு இல்லாதப்போ இருக்கிறது) 700-ல இருக்கு, செல் குளிர்ந்திருக்கு, உள் தடை 0.3 ஓம். 100 கிலோவாட் எடுத்தா டெர்மினல்ல 654 வோல்ட் இருக்கும், பிரச்சனை இல்ல. இன்னொரு பேக் போய் 200 கிலோவாட் விழுந்தா கரண்ட் 333 ஆம்ப் ஆகி வோல்டேஜ் 600-க்கு இறங்கிடும். உங்க பிஎம்எஸ்ல அண்டர்வோல்டேஜ் ட்ரிப் (வோல்டேஜ் இதுக்கு கீழ போனா தானா கட் ஆகுற அளவு) 620-ன்னு வச்சிருந்தா, நல்லா இருக்கிற பேக்கும் தன்னைத்தானே காப்பாத்திக்கிட்டு விமானத்தை விட்டுடும். அதே பேக் சூடா, உள் தடை 0.12 ஓம்ல இருந்திருந்தா 664-லயே நின்னிருக்கும். அதனாலதான் சாயங்காலம் லேப்ல இதே டெஸ்ட் பாஸ் ஆகும், விடிகாலைல மேல போனா படுத்துடும்.

இங்க என்ன பண்ணணும்னா, முதல்ல ட்ரிப் நேரத்துல ரெண்டாவது பேக்கோட டெர்மினல் வோல்டேஜ், கரண்ட், செல் வெப்பநிலை மூணையும் எடுங்க. வோல்டேஜ் செங்குத்தா விழுந்து கரண்ட் ஏறியிருந்தா இதுதான் கதை. இன்வெர்ட்டர் ஒரே பவரை பிடிச்சு வைக்கப் பார்க்கும், வோல்டேஜ் விழ விழ கரண்டை இன்னும் இழுக்கும், அது இன்னும் வோல்டேஜை இறக்கும். சரி பண்ண வேண்டிய இடம் பேட்டரி இல்ல, பவர் லிமிட். ஒரு பேக் வெளிய போன செய்தி இன்வெர்ட்டருக்கு போய் சேர்ந்து மோட்டாரோட டார்க் (சுழற்று விசை) குறையுறதுக்கு எத்தனை மில்லிசெகண்ட் ஆகுதுன்னு அளந்து பாருங்க, அந்த செய்தி கேன் பஸ்ல (பெட்டிகள் ஒன்னோட ஒன்னு பேசுற டேட்டா வயர்) தொலைஞ்சு போனாலும் இன்வெர்ட்டரே பவர் பஸ்ஸோட (பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் இணைக்குற மின்பாதை) வோல்டேஜைப் பார்த்து தானா பவரைக் குறைக்குற ஒரு சரிவு வையுங்க. இந்த வோல்டேஜ் சரிவு முறையை நான் ரொம்பவே வலியுறுத்துவேன், ஏன்னா அதுக்கு எந்த கம்யூனிகேஷனும் தேவையில்ல.

அடுத்தது, பறக்கும்போது அண்டர்வோல்டேஜ்ன்றது ட்ரிப்பா இருக்கணுமா இல்ல வெறும் எச்சரிக்கையான்னு உட்கார்ந்து யோசிங்க. செல் கொஞ்சம் ஆழமா இறங்கி ஆயுசு குறையுறதுக்கும், தரையிறங்க ஓடுபாதை பக்கம் வரும்போது பவர் போறதுக்கும் நடுவுல தேர்வு செய்யணும்னா எதை எடுப்பீங்க? தரைல ட்ரிப், மேல எச்சரிக்கைன்னு பிரிச்சு வைக்கலாம், ஆனா "மேல இருக்கோம்"ன்ற அந்த சிக்னலும் ஒரு சென்சார்லேர்ந்துதான் வருது, அது பொய் சொன்னா என்ன ஆகும்னும் பார்க்கணும்.

2020 ஜூன்ல ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பான ஈஏஎஸ்ஏ-கிட்ட டைப் சர்டிஃபிகேட் வாங்கின முதல் முழு மின்சார விமானம் பிபிஸ்ட்ரெல் வெலிஸ் எலெக்ட்ரோ. அதுல ரெண்டு பேட்டரி பேரலல்ல இருக்கு, ஒன்னு கெட்டா தானா கழண்டுக்கும், மிச்ச ஒன்னே ஏறுறதுக்கும் பறக்குறதுக்கும் போதும்னு வச்சு டிசைன் பண்ணியிருக்காங்க. "ஒன்னே போதும்"ன்ற அந்த வார்த்தையை உங்க சிஸ்டத்துல நிரூபிக்கணும்னா ரொம்ப குளிரான, சார்ஜ் குறைஞ்ச, வயசான பேக்கை வச்சு நிரூபிக்கணும்.

அறிகுறி: ரெண்டு சேனலும் ஒரே மில்லிசெகண்ட்ல போச்சு

சேனல்னா பேட்டரி, இன்வெர்ட்டர்னு தனியா ஓடுற ஒரு பவர் பாதை. ரெண்டும் செகண்ட் கணக்குல இல்லாம ஒரே நேரத்துல போனா லோடு மாறினது காரணம் இல்ல. எதையோ ரெண்டும் பங்கு போடுது. டயக்ராம்ல ரெண்டு கலர்ல ரெண்டு ஹை வோல்டேஜ் பஸ் அழகா தனித்தனியா ஓடும், ஆனா இன்வெர்ட்டர் ஸ்விட்சை இயக்குற கேட் டிரைவருக்கும் கான்டாக்டர் காயிலுக்கும் போற 28 வோல்ட் எங்கேர்ந்து வருதுன்னு தேடுங்க. பத்துல பாதி தடவை அங்கதான் ரெண்டு கலரும் ஒன்னு சேரும். ஒரே டிசி-டிசி கன்வெர்ட்டர், இல்ல தனித்தனி கன்வெர்ட்டர் ஆனா ஒரே கிரவுண்ட் போல்ட். நான் வேலை பார்த்த ஒரு டெஸ்ட் பெஞ்ச்ல ரெண்டு இன்வெர்ட்டரும் சேர்ந்து விழுந்துட்டே இருந்துச்சு, மூணு வாரம் மென்பொருளைக் குடைஞ்சோம், கடைசில பார்த்தா ரெண்டு பக்கத்து கூலன்ட் பம்பும் ஒரே ரிலே வழியா போச்சு, அது விழுந்தா ஃப்ளோ சிக்னல் ரெண்டுலயும் ஒன்னா பூஜ்யம் ஆகுது. பம்ப் நின்னாலும் இன்வெர்ட்டர் இன்னும் அரை நிமிஷம் தாங்கியிருக்கும், அதுக்குள்ள பவரைக் குறைச்சு சமாளிச்சிருக்கலாம், ஆனா ஃப்ளோ பூஜ்யம்னா உடனே ட்ரிப்னு எழுதி வச்சிருந்தாங்க.

இதோட எடையை எண்ணுல பார்த்தா நல்லா உறைக்கும். ஒரு சேனல் லட்சம் மணிநேரத்துக்கு ஒரு தடவை கெடும்னு வச்சுக்கோங்க. ரெண்டும் நிஜமாவே தனித்தனின்னா, ஒரே மணிநேரத்துல ரெண்டும் கெடுறது ஆயிரம் கோடி மணிநேரத்துக்கு ஒரு தடவை. பேரழிவான ஃபால்ட்டுக்கு நூறு கோடி மணிநேரத்துக்கு ஒன்னுக்கு மேல வரக்கூடாதுன்றது பெரிய பயணிகள் விமானத்துக்கு உள்ள அளவு, ஈஏஎஸ்ஏ மின்சார விடால் (செங்குத்தா ஏறி இறங்குற) விமானங்களுக்குப் போட்ட விதில மேல் பிரிவுக்கும் அதே அளவுதான். அப்போ பாஸ். ஆனா ஒரு சேனல் கெடுற காரணங்கள்ல வெறும் 1 சதவீதம் ரெண்டுக்கும் பொதுன்னா கூட, கணக்கு ஒரு கோடி மணிநேரத்துக்கு ஒன்னுன்னு வந்து நிக்கும். நூறு மடங்கு குறைவு. மூணாவது சேனல் போட்டாலும் நாலாவது போட்டாலும் அந்த 1 சதவீதம் அசையாது. அதனால இன்னொரு பேக், இன்னொரு இன்வெர்ட்டர்னு சேர்க்குறதுக்கு முன்னாடி பொதுவா இருக்கிறதைத் தேடுங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்றது.

தேடுற முறை ரொம்ப சாதாரணம். ஒவ்வொரு 28 வோல்ட் ஃபீடையும் ஒன்னொன்னா கையால பிடுங்குங்க, ஒவ்வொரு கனெக்டரையும் கழட்டுங்க, ஒவ்வொரு கூலன்ட் ஹோஸையும் அடைங்க, என்னென்ன சாகுதுன்னு ஒரு தாள்ல எழுதுங்க. ஒரே பிடுங்கல்ல ரெண்டு பக்கமும் சத்தம் போட்டா பிடிச்சிட்டீங்க. வயர் போற பாதையையும் விட்டுடாதீங்க, தனித்தனி சர்க்யூட் ஒரே கிளாம்ப்ல கட்டியிருந்தா ஒரு உரசல்ல ரெண்டும் போகும். ரெண்டு சேனல்லயும் ஒரே மென்பொருள், ஒரே வெர்ஷன் ஓடுதுன்னா ஒரே தப்பான இன்புட்டுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் முடிவெடுக்கும், அதை ஹார்ட்வேரை எத்தனை தடவை நகல் எடுத்தாலும் தீர்க்க முடியாது.

அறிகுறி: திறக்கச் சொன்ன கான்டாக்டர் திறக்கல

ஒட்டிக்கிச்சு. 99 சதவீதம் முன் சார்ஜ் (கான்டாக்டரை மூடுறதுக்கு முன்னாடி ரெசிஸ்டர் வழியா கப்பாசிட்டரை நிரப்புறது) சரியா முடியறதுக்கு முன்னாடி மூடினதாத்தான் இருக்கும். 800 வோல்ட் பஸ்ல 500 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர்னா 160 ஜூல், 100 ஓம் ரெசிஸ்டர் வழியா நிரப்பினா உச்ச கரண்ட் வெறும் 8 ஆம்ப், கால் செகண்ட்ல 99 சதவீதம் ஏறிடும். இதையே நேரம் கணக்கு வச்சு முடிஞ்சிடுச்சுன்னு முடிவு பண்ற மென்பொருளை நம்பாதீங்க, ரெண்டு பக்க வோல்டேஜையும் அளந்து வித்தியாசம் சில வோல்ட்டுக்குள்ள வந்தா மட்டும் மூடணும். ரெசிஸ்டர் திறந்து போயிருந்தா நேரம் ஓடிட்டே இருக்கும், கப்பாசிட்டர் காலியாவே இருக்கும், அப்படியே மூடினா காண்டாக்ட் உருகி ஒட்டும்.

துணைக் காண்டாக்ட் திறந்துடுச்சுன்னு காட்டுறதை மட்டும் வச்சு நம்பவும் முடியாது, சில டிசைன்ல அது முதன்மைக் காண்டாக்ட்டோட உறுதியா இணைஞ்சிருக்காது. பிளஸ், மைனஸ் ரெண்டையும் வேற வேற வரிசையில திறந்து, ஒவ்வொன்னுக்கும் அப்புறம் வோல்டேஜ் அளந்தா எது ஒட்டியிருக்குன்னு தெரிஞ்சிடும். இதை ஒவ்வொரு தடவை ஆஃப் பண்ணும்போதும் செய்யுற மாதிரி மென்பொருள்ல போட்டுடுங்க, மறைஞ்சு கிடக்குற ஃபால்ட்தான் கூட்டு சேர்ந்து கொல்லும்.

இன்னொன்னு, சில டிசி கான்டாக்டருக்கு திசை உண்டு. மின்வில்லை (காண்டாக்ட் பிரியும்போது நடுவுல எரியுற பொறி) ஊதித் தள்ளுற காந்தம் ஒரு பக்க கரண்டுக்குத்தான் வேலை செய்யும், எதிர்த் திசையில சார்ஜிங் அல்லது ரீஜென் (மோட்டார் ஜெனரேட்டரா மாறி பேட்டரிக்கு திருப்பி அனுப்புற) கரண்ட் ஓடும்போது திறந்தா அணைக்கிற திறன் ரொம்ப குறைஞ்சிடும். டேட்டாஷீட்ல அந்த பிளஸ் குறியைப் பாருங்க.

அறிகுறி: நேரடி ஷார்ட், ஆனா ஃப்யூஸ் உருகல

ஃப்யூஸ் செலக்ட் பண்ணும்போது எல்லாரும் பெரிய ஷார்ட்டைத்தான் பார்ப்பாங்க. 800 வோல்ட், மொத்த தடை 80 மில்லி ஓம், 10,000 ஆம்ப், 400 ஆம்ப் ஃப்யூஸ் சட்டுனு போயிடும். ஆனா அதே பேட்டரி சார்ஜ் குறைஞ்சு குளிர்ந்து 650 வோல்ட், கால் ஓம்னு இருந்தா ஷார்ட் கரண்ட் 2,600 ஆம்ப்தான். ஃப்யூஸோட வளைவுல அந்த இடத்தைப் பாருங்க, வகையைப் பொறுத்து நூற்றுக்கணக்கான மில்லிசெகண்ட் எடுக்கும், சிலது இன்னும் இழுக்கும். அந்த நேரத்துல கான்டாக்டர் திறந்துக்கலாமான்னு பார்த்தா அதால உடைக்க முடிஞ்ச உச்சம் 2,000 ஆம்ப்னு போட்டிருக்கும். ஃப்யூஸுக்கு இது சின்னது, கான்டாக்டருக்கு இது பெருசு, நடுவுல ஒரு ஓட்டை. அதுக்குள்ள விழுற கரண்ட்தான் வயரை எரிக்குது.

கூடவே பெரிய கரண்ட்ல காண்டாக்ட்டே காந்த விசையில லேசா தூக்கிக்கிட்டு நடுவுல வில் அடிச்சு ஒட்டிக்கும், அதையும் கணக்குல சேருங்க. ஓட்டையை அடைக்க வழி, வெடிமருந்து வச்சு பஸ்பாரை வெட்டுற பைரோ ஃப்யூஸ், இல்ல செமிகண்டக்டர் பிரேக்கர். செமிகண்டக்டர் பிரேக்கர் மைக்ரோசெகண்ட்ல வெட்டும், ஆனா எப்பவும் கரண்ட் ஓடிட்டே இருக்கிறதால நஷ்டமும் சூடும் உண்டு, அதை ஆறவைக்குற எடையையும் விமானம்தான் சுமக்கணும். அதோட வெட்டும்போது வயர்ல இருக்கிற இண்டக்டன்ஸோட ஆற்றலை வாங்கிக்க வேரிஸ்டர் வேணும், அது வயசாகி கெட்டுப் போறதை யார் பார்த்துக்கறதுன்னும் எழுதி வையுங்க.

ஷார்ட் இல்லாம லூஸ் கனெக்ஷன்ல வர்ற சீரிஸ் வில்லுக்கு (லோடோட தொடர்ல எரியுற மின்வில்) மேல சொன்ன எதுவும் உதவாது. அதுல கரண்ட் ஏறாது, குறையும். டிசில கரண்ட் பூஜ்யத்தைத் தாண்டாததால தானா அணையவும் செய்யாது. கனெக்டர்ல வெப்பநிலை சென்சாரும், ரெண்டு முனை வோல்டேஜ் வித்தியாசமும் பார்க்குறதுதான் எனக்குத் தெரிஞ்சு எளிமையான வழி.

அறிகுறி: இன்வெர்ட்டரை ஆஃப் பண்ணியும் மோட்டார் சூடு ஏறுது, புகை வருது

நிரந்தரக் காந்த மோட்டார்னா காந்தத்தை ஆஃப் பண்ண முடியாது. விமானம் பறந்துட்டே இருக்கு, காத்து ப்ரொப்பெல்லரை சுத்திட்டே இருக்கு, காயில்ல ஒரு சுத்துக்கும் அடுத்த சுத்துக்கும் நடுவுல ஷார்ட் ஆகியிருந்தா அந்த வளையத்துல கரண்ட் ஓடிட்டே இருக்கும், ரேட்டிங்கைவிட பல மடங்கு. கான்டாக்டரைத் திறந்தாலும் ஒன்னும் மாறாது, ஏன்னா ஆற்றல் பேட்டரிலேர்ந்து வரல, ப்ரொப்பெல்லர்லேர்ந்து வருது.

முதல்ல செய்ய வேண்டியது ப்ரொப்பெல்லரை ஃபெதர் பண்ணி (இறக்கைகளோட விளிம்பை காத்துக்கு நேரா திருப்பி) சுத்தை நிறுத்துறது. அந்த வசதி இல்லாத டிசைன்ல இன்வெர்ட்டரே மூணு ஃபேஸையும் சேர்த்து வேணும்னே ஷார்ட் பண்ணலாம், அப்போ எதிர்ப் பாய்வு உண்டாகி கெட்ட சுத்துல போற கரண்ட் அடங்கும். ஆனா இது வேலை செய்யணும்னா அந்த ஃபேஸ் ஷார்ட் கரண்ட்டே ரேட்டட் கரண்ட் அளவுல நிக்குற மாதிரி மோட்டாரோட இண்டக்டன்ஸ் பெருசா இருக்கணும், அதை மோட்டார் வரையும்போதே முடிவு பண்ணியிருக்கணும், அப்புறமா மென்பொருள்ல சேர்க்க முடியாது. இண்டக்டன்ஸ் கூடினா பவர் ஃபேக்டர் குறையும், இன்வெர்ட்டர் பெருசாகும். எடைக்கு அழுதுட்டு இதை விட்டுடாதீங்க.

ரெட்டை வைண்டிங் மோட்டார் வச்சிருக்கோம், ஒரு செட் கெட்டா இன்னொன்னு ஓட்டும்னு சொல்வாங்க. ரெண்டு செட்டும் ஒரே ஸ்லாட்ல ஒன்னு மேல ஒன்னு கிடந்தா, ஒன்னு எரியும்போது இன்னொன்னோட இன்சுலேஷனும் வேகும். ஸ்டேட்டரோட ஒவ்வொரு பல்லுக்கும் தனிக் காயில் சுத்தி, ஃபேஸுக்கு ஃபேஸ் தொடாத மாதிரி வச்சா பாய்வும் சூடும் பெருசா கலக்காது.

இன்னொரு குழப்பம். சரிவுல வேகமா இறங்கும்போது இன்வெர்ட்டர் கேட்டை ஆஃப் பண்ணினா, சுத்துற மோட்டார் தானே உண்டாக்குற பின்னோட்ட மின்னழுத்தம் பஸ் வோல்டேஜைத் தாண்டிடுச்சுன்னா டையோடு வழியா தானா பஸ்ஸுக்கு கரண்ட் ஏறும், அந்த நேரம் பார்த்து பேட்டரி கான்டாக்டரும் திறந்துட்டா அதை வாங்கிக்க ஆளே இல்ல, கப்பாசிட்டர் வோல்டேஜ் கிடுகிடுன்னு ஏறி ஸ்விட்சையே உடைக்கும். லாக்ல கான்டாக்டர் திறந்ததுக்கு அப்புறம் பஸ் வோல்டேஜ் ஏறியிருக்கான்னு பாருங்க.

அறிகுறி: பஸ் வோல்டேஜ் ஆடுது, பவர் கூட்டினா அதிகமா ஆடுது

இன்வெர்ட்டர் ஒரே பவரை பிடிச்சு வைக்குறதால பஸ்ஸுக்கு அது எதிர்மறைத் தடையா தெரியும். 800 வோல்ட்ல 200 கிலோவாட்னா மைனஸ் 3.2 ஓம், 600 வோல்ட்ல மைனஸ் 1.8. வயரும் பேட்டரியும் சேர்ந்து 10 மைக்ரோஹென்றி, 50 மில்லி ஓம்னு வச்சா 800-ல நிலையா நிக்க சுமார் 63 மைக்ரோஃபாரட் போதும், 600-ல 111 வேணும். நீங்க 100 போட்டிருந்தா பயணம் பூரா அமைதியா இருக்கும், கடைசி சில நிமிஷத்துல சார்ஜ் குறைஞ்சு வோல்டேஜ் சரிஞ்சு பவரும் கூட கேட்கும்போது ஆட ஆரம்பிக்கும். கப்பாசிட்டர் பேங்க்ல ஒன்னு செத்தாலும் இதே அறிகுறிதான், அதனால ஆடுற அதிர்வெண் முன்னைவிட கூடியிருக்கான்னு பாருங்க, கூடியிருந்தா கப்பாசிட்டன்ஸ் குறைஞ்சிருக்கு. கூடவே ஒரு ரெசிஸ்டர் போட்ட டேம்பிங் கிளை வைக்குறது, இல்ல கன்ட்ரோல் லூப்ல வோல்டேஜ் விழும்போது பவரையும் கொஞ்சம் விழ விடுறது, ரெண்டும் தீர்வு.

அறிகுறி: தரைல எல்லாம் சரி, உயரத்துல ட்ரிப் ஆகுது

காத்து அழுத்தம் குறையக் குறைய காத்தோட இன்சுலேஷன் சக்தியும் குறையும். பாஷன் விதிப்படி காத்துல எந்த இடைவெளியா இருந்தாலும் சுமார் 327 வோல்ட்டுக்கு கீழ உடையாது, அதுக்கு மேல போனா அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கின அளவு முடிவு பண்ணும். விமானங்கள்ல பல காலமா ஓடுற 270 வோல்ட் டிசி அந்தக் கோட்டுக்கு கீழ இருக்கு, 800 வோல்ட் மேல இருக்கு. ஏர்பஸ், ரோல்ஸ்-ராய்ஸ், சீமென்ஸ்னு சேர்ந்து ஆரம்பிச்சு 2020 ஏப்ரல்ல நிறுத்தின ஈ-ஃபேன் எக்ஸ் திட்டத்துல 3,000 வோல்ட் டிசி வைக்கப் பார்த்தாங்க, அந்த அளவுல இன்சுலேஷனே முழுநேர வேலை. 40,000 அடில அழுத்தம் கடல் மட்டத்துல ஐஞ்சுல ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு.

வைண்டிங் இன்சுலேஷனுக்குள்ள இருக்கிற சின்னக் காத்துக் குமிழ்ல பகுதி டிஸ்சார்ஜ் (முழுசா உடையாம குமிழுக்குள்ள மட்டும் அடிக்குற சின்னப் பொறி) ஆரம்பிக்கும், அது உடனே ட்ரிப் பண்ணாது, மணிக்கணக்கா தின்னுட்டே இருக்கும். இன்வெர்ட்டர்ல இருக்கிற வேகமான சிலிக்கான் கார்பைடு ஸ்விட்ச் இதை மோசமாக்குது. 20 நானோசெகண்ட்ல வோல்டேஜ் ஏறினா ஒன்னரை மீட்டர் கேபிளே நீளமான கேபிள்தான், மோட்டார் முனையில பிரதிபலிச்சு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வரும். அதனால பகுதி டிஸ்சார்ஜ் டெஸ்ட்டை அழுத்தம் குறைச்ச சேம்பர்ல, நிஜ கேபிள் நீளத்தோட, நிஜ இன்வெர்ட்டர் அலைவடிவத்தோட பண்ணுங்க. அறையில 50 ஹெர்ட்ஸ் சைன் அலை வச்சு பாஸ் ஆனதுக்கு இங்க ஒன்னும் மதிப்பு இல்ல.

ட்ரிப் உயரத்துல இல்லாம இறங்கும்போது வருதுன்னா அது வேற. மேல குளிர்ந்து போன பெட்டிக்குள்ள கீழ வந்ததும் ஈரக் காத்து நுழைஞ்சு வேர்க்கும், இன்சுலேஷன் மானிட்டர் (ஹை வோல்டேஜ் விமானத்தோட உடம்புக்கு கசியுதான்னு பார்க்குற கருவி) கத்தும். ஹை வோல்டேஜ் சர்க்யூட் உடம்போட ஒட்டாம மிதக்குறதால முதல் ஃபால்ட்ல கரண்ட் ஓடாது, பறக்கலாம், ரெண்டாவது வந்தாத்தான் ஷார்ட். அதனால முதல் எச்சரிக்கைக்கு ட்ரிப் வைக்காதீங்க, ஆனா தரையிறங்கினதும் அதை கண்டுபிடிக்காம அடுத்த பயணம் கிடையாதுன்னு வையுங்க. ரெண்டு பஸ்ஸையும் டை கான்டாக்டரால சேர்க்குற டிசைன்னா, சேர்த்த உடனே ரெண்டு மானிட்டரும் ஒன்னையொன்னு அளந்துக்கிட்டு பொய் சொல்லும், ஒன்னை அமைதிப்படுத்தணும். இது தெரியாம நல்ல கேபிளை மாத்திட்டே இருக்கிறவங்க நிறைய.

அறிகுறி: காரணமே இல்லாம ஓவர்கரண்ட் ட்ரிப்

சிலிக்கான் கார்பைடு மாஸ்ஃபெட் ஷார்ட்டைத் தாங்குறது 2-3 மைக்ரோசெகண்ட்தான், பழைய வகை ஸ்விட்சான ஐஜிபிடி 10 வரைக்கும் தாங்கும். அதனால கண்டுபிடிக்குற சர்க்யூட்டை ரொம்ப கூர்மையா வைக்க வேண்டியிருக்கு, அது இரைச்சலையும் ஃபால்ட்னு நினைக்கும். ட்ரிப் எப்பவும் பக்கத்து ஃபேஸ் ஸ்விட்ச் ஆகும்போதே வருதான்னு ஸ்கோப்ல பாருங்க, அப்படின்னா நிஜ கரண்ட் இல்ல. கேட் டிரைவர் டிரான்ஸ்ஃபார்மரோட ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல இருக்கிற கப்பாசிட்டன்ஸ், ஷீல்டு எந்த முனைல கட்டியிருக்கு, இந்த ரெண்டும்தான் வழக்கமான குற்றவாளி. பிளாங்கிங் நேரத்தை (ஸ்விட்ச் ஆன உடனே ஃபால்ட்டைப் பார்க்காம விடுற நேரம்) கூட்டி மறைச்சிடாதீங்க, நிஜ ஷார்ட் வரும்போது ஸ்விட்ச் வெடிக்கும். நாசாவோட எக்ஸ்-57 மேக்ஸ்வெல்ன்ற மின்சார சோதனை விமானத்துலயும் இன்வெர்ட்டர் கிளப்புற இரைச்சல் பெரிய தலைவலியா இருந்து தனியா ஃபில்டர் வடிவமைச்சாங்க.

பேரிங்ல உறுமல் வந்தாலும் வேர் இதேதான், காமன் மோடு வோல்டேஜ் (மூணு ஃபேஸும் சேர்ந்து கிரவுண்டைப் பார்த்து ஆடுறது) தண்டு வழியா பேரிங்ல பொறி அடிச்சு குழி போடும். செராமிக் உருளை பேரிங், தண்டை கிரவுண்ட் பண்ற பிரஷ், காமன் மோடு சோக். அவ்வளவுதான்.

அறிகுறி: ஒரே ஒரு செல் வெப்பநிலை மட்டும் ஏறுது

சென்சார் கெட்டதா செல் கெட்டதான்னு வாதம் பண்ண நேரம் இல்ல. அதே செல்லோட வோல்டேஜும் சரியுதுன்னா செல்தான். பேக்கை லோடுலேர்ந்து எடுங்க, ஆனா எடுத்ததால நின்னுடும்னு நினைக்காதீங்க, உள்ளேயே ஷார்ட் ஆன செல்லுக்கு வெளிக் கான்டாக்டர் ஒரு பொருட்டே இல்ல. கூலிங்கை ஓட விடுங்க. மிச்சதெல்லாம் முன்னாடியே டிசைன்ல முடிவாகியிருக்கணும், ஒரு செல் எரிஞ்சா பக்கத்து செல் பிடிக்குமா பிடிக்காதா, புகை எங்க போகும்.

2013 ஜனவரி 7-ல பாஸ்டன்ல நின்ன போயிங் 787-ல பேட்டரி எரிஞ்சதும், 16-ல இன்னொரு 787 ஜப்பானோட தகாமாத்சுல அவசரமா இறங்கினதும் தெரிஞ்ச கதை. எட்டு செல்தான், பாஸ்டன்ல ஒரு செல்லோட உள் ஷார்ட் மத்ததுக்கும் பரவுச்சு. செல்லுக்கு நடுவுல இன்சுலேஷன் கூட்டி, பேட்டரியை எஃகுப் பெட்டிக்குள்ள வச்சு புகையை விமானத்துக்கு வெளிய விடுற குழாய் வச்சுத்தான் திரும்ப பறக்க விட்டாங்க. எக்ஸ்-57-லயும் 2016 டிசம்பர் டெஸ்ட்ல எரிப்பு செல் செல்லா பரவவே மாட்யூலை மறுபடி வடிவமைச்சாங்க. வேணும்னே ஒரு செல்லை எரிச்சுப் பார்க்காத பேக்கை நான் பறக்கத் தயாரான பேக்னு ஒத்துக்க மாட்டேன்.

அறிகுறி: ட்ரிப் ஆன பேக்கை மேலயே திரும்ப சேர்த்தோம், மறுபடி ட்ரிப்

ஒரு பேக் வெளிய இருந்த நேரத்துல இன்னொன்னு இறங்கிட்டே இருந்திருக்கும். 40 வோல்ட் வித்தியாசம், ஒவ்வொன்னுக்கும் 50 மில்லி ஓம்னா, சேர்த்த உடனே ஒன்னுலேர்ந்து இன்னொன்னுக்கு 400 ஆம்ப் பாயும், புதுசா ஒரு ஓவர்கரண்ட் கிளம்பும், பைலட் திரும்ப ஃபால்ட் வந்துடுச்சுன்னு நினைப்பார். நடுவுல டையோடு போட்டா பாயாது, ஆனா ரீஜெனும் அந்த வழில திரும்ப முடியாது. டையோடு இல்லன்னா கீழ இருக்கிற பேக் மேல லோடைக் குறைச்சு, அதோட வோல்டேஜ் கொஞ்சம் ஏறி வித்தியாசம் சுருங்கின அப்புறம் மூடுற மாதிரி லாஜிக் எழுதணும், சுருங்கலன்னா மூடவே கூடாது. எந்த ட்ரிப்புக்கு திரும்ப முயற்சி உண்டு, எதுக்கு கிடையாதுன்னு காரணம் வாரியா பிரிங்க: கம்யூனிகேஷன் தொலைஞ்சதுக்கு ஒரு தடவை முயற்சிக்கலாம், ஷார்ட்டுக்கும் செல் வெப்பநிலைக்கும் கிடையவே கிடையாது. முன் சார்ஜ் ரெசிஸ்டர் எத்தனை முயற்சியைத் தாங்கும்னு பார்த்து அந்த எண்ணை மென்பொருள்லயே பூட்டிடுங்க, பைலட் எத்தனை தடவை ஸ்விட்சை அழுத்தினாலும் அதுக்கு மேல போகக்கூடாது.